வெளிநாட்டுப் பயணத்துக்கு நடைச் சப்பாத்து: அளவெடுப்பதிலிருந்து பழக்கி எடுப்பது வரை

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வளர்ந்த கால் பெரும்பாலும் செருப்பில் வளர்ந்த கால். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு கலியாண வீடு, அலுவலகம் தவிர மூடிய சப்பாத்துக்கு இங்கே வேலை குறைவு. அதனால் விரல்கள் விரிந்து, காலின் முன்பக்கம் அகன்று, குதிக்கால் தோல் தடித்திருக்கும். நடையும் அப்படித்தான்: சந்திக்குப் போகக்கூட மோட்டார் சைக்கிளை எடுக்கிறோம். இப்படிப்பட்ட கால் இலண்டனிலோ பாரிஸிலோ இறங்கியதும், ரயில் நிலையப் படிகள், நடைபாதைகள், கடைத்தொகுதிகள் என்று ஒரு நாளைக்கு 15,000 காலடி, அதாவது ஏறத்தாழ 10 கி.மீ., கொங்கிறீட்டில் நடக்க வேண்டிவருகிறது. இரண்டாம் நாள் காலையில் குதிக்காலில் கொப்புளம், மூன்றாம் நாள் அறையில் படுக்கை.

இதைத் தவிர்க்க விலை கூடிய சப்பாத்து தேவையில்லை. பார்க்க வேண்டியவை மூன்று: விரல்களுக்கு அகலம் போதுமா, குதிக்கால் அசையாமல் நிற்கிறதா, பயணத்துக்கு முன் கால் அதற்குப் பழகிவிட்டதா. பிராண்ட், நிறம், விலை எல்லாம் அதற்குப் பின்புதான்.

எப்போது வாங்குவது

பறக்கும் நாளுக்கு நான்கு முதல் ஆறு கிழமைக்கு முன். பெட்டி, ஜக்கெட், உறவினருக்குக் கொண்டுபோகும் பலகாரம் எல்லாம் வாங்கி முடித்து, கடைசிக் கிழமையில் சப்பாத்து வாங்குவதுதான் இங்கே வழக்கம். அப்படி வாங்கினால் பொருந்தாததை மாற்றவும் நேரமில்லை, பொருந்தியதைப் பழக்கவும் நேரமில்லை.

வீட்டில் அளவெடுத்தல்

கடைக்குப் போகுமுன் காலின் உண்மையான அளவு கையில் இருக்க வேண்டும். ஏ4 தாள் இரண்டு, பென்சில், அடிமட்டம், உதவிக்கு ஒருவர் போதும்.

1. மாலை 5 மணிக்குப் பிறகு அளவெடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் எடுத்த அளவுக்கு வாங்கிய சப்பாத்து பின்னேரத்தில் இறுகும்.

2. தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வையுங்கள். பாய் வேண்டாம், வெறும் சீமெந்துத் தரையோ டைல்ஸோ நல்லது. பயணத்தில் போடப்போகும் மேசுவை அணிந்துகொண்டு குதிக்கால் சுவரில் முட்ட நில்லுங்கள். இருந்துகொண்டு அளந்தால் பாதம் முழுதாக விரியாது. அளவு சில மில்லிமீற்றர் குறைந்துவிடும்.

3. உடல் பாரம் இரண்டு காலிலும் சமமாக இருக்க, மற்றவர் பென்சிலை நேராக நிறுத்திச் சுற்றி வரையட்டும். நீங்களே குனிந்து வரைந்தால் பாரம் முன்னுக்குப் போய்க் கால் நகரும். பென்சில் உள்ளுக்குச் சரிந்தால் அகலம் குறைவாகக் காட்டும். வரைகிறவருக்கு அதைச் சொல்லிவிடுங்கள்.

4. சுவர் விளிம்பிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை அளவுங்கள். எல்லோருக்கும் அது பெருவிரல் அல்ல. இரண்டாம் விரல் நீண்டவர்கள் நிறையப் பேர். பெருவிரலை வைத்து அளந்தால் இரண்டாம் விரலின் நகம் கறுக்கும்.

5. அடுத்தது அகலம். பெருவிரல் அடிமூட்டின் புடைப்பிலிருந்து சின்னவிரல் அடிமூட்டின் புடைப்பு வரை. இதைச் சற்றுச் சரிவான கோடாகவே அளக்க வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு புடைப்பும் ஒரே நேரில் இல்லை.

6. மற்றக் காலுக்கும் இதேபோல். இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. பெரிய காலின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் காலில் தளர்ந்தால் மெல்லிய உள்ளட்டை ஒன்று வைத்துச் சரிசெய்யலாம். இறுகின காலுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

கிடைத்த நீளத்தோடு 10 முதல் 12 மி.மீ. கூட்டினால் சப்பாத்தின் உள்நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வரும். நீண்ட இறக்கங்களில் நடக்கப்போகிறவர்கள் 15 மி.மீ. வரை கூட்டலாம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கால் சப்பாத்துக்குள் சற்று முன்னே போகும். அந்த இடம் இல்லாவிட்டால் நகம் சப்பாத்தின் முன்சுவரில் இடிக்கும்.

வரைந்த தாளைக் கத்தரித்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். தம்பிக்கோ அம்மாவுக்கோ நீங்கள் போய் வாங்குவதாக இருந்தாலும் அந்தத் தாள் உதவும்.

சப்பாத்தில் உள்ள எண்கள்

நாக்கின் உட்பக்கத் துண்டில் பெரும்பாலும் நான்கு எண்கள் இருக்கும்: பிரித்தானிய, அமெரிக்க, ஐரோப்பிய அளவுகள், அதோடு சென்ரிமீற்றர். பிரித்தானிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றிலொரு அங்குலம், ஏறத்தாழ 8.5 மி.மீ. ஐரோப்பிய அளவில் அது மூன்றில் இரண்டு சென்ரிமீற்றர், ஏறத்தாழ 6.7 மி.மீ. இரண்டும் வேறுவேறு அடி வைத்துப் போவதால் ஒன்றை மற்றதாகச் சரியாக மாற்ற முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி வெட்டி ஒட்டுகிறது.

உதாரணமாக, ஆண்களுக்கான பிரித்தானிய 8 நைக் சப்பாத்தில் ஐரோப்பிய 42.5, 27 செ.மீ. என்று இருக்கும். அடிடாஸில் அதே 8, ஐரோப்பிய 42, 26.5 செ.மீ. எண் ஒன்று, சப்பாத்து இரண்டு. "எனக்கு எப்பவும் எட்டாம் நம்பர்தான்" என்று கடையில் சொல்வதில் பெரிய பயனில்லை என்பது இதனால்தான். நான்கு எண்களில் சென்ரிமீற்றர் எண்தான் கால் நீளத்துக்கு மிகக் கிட்டியது. முதலில் அதைப் பாருங்கள், பிறகு போட்டுப் பாருங்கள்.

அகலத்துக்கும் குறியீடு உண்டு. அமெரிக்க முறையில் ஆண்களுக்கு டி என்பது சாதாரண அகலம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். நம் ஊர்க் கடைகளுக்கு அகலச் சப்பாத்து குறைவாகவே வருகிறது. அகலம் போதாவிட்டால் கடைக்காரர் பெரும்பாலும் ஓர் எண் பெரிதை எடுத்துத் தருவார். அதை ஏற்க வேண்டாம். நீளம் கூடியதால் குதிக்கால் தளரும், சப்பாத்து மடிய வேண்டிய இடமும் காலின் மடிப்பும் ஒன்றாக வராது. கொப்புளம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். முன்பக்கம் வட்டமாகவும் உயரமாகவும் உள்ள வேறு மாதிரியைத் தேடுங்கள். பெண்களுக்கு இன்னொரு வழி: கால் அகலமென்றால் ஆண்கள் பகுதியில் பாருங்கள். ஒரே நீளத்தில் ஆண்களின் சப்பாத்து அகலமாக இருக்கும்.

கடையில் செய்ய வேண்டியவை

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் சப்பாத்துக் கடைகள் நிறைய உண்டு. எந்தக் கடைக்குப் போனாலும் மாலையில் போங்கள், உங்கள் மேசுவைக் கொண்டு போங்கள். கடைக்காரர் தரும் மெல்லிய நைலோன் மேசுவில் எல்லாச் சப்பாத்தும் வசதியாகத்தான் இருக்கும்.

போடுமுன் கையால் நான்கு சோதனைகள். முதலாவது, உள்ளட்டையை வெளியே இழுத்தெடுங்கள். நல்ல நடைச் சப்பாத்து அநேகமாக எல்லாவற்றிலும் அது கழலும். அதைத் தரையில் வைத்து மேலே ஏறி நில்லுங்கள். சின்னவிரலோ பெருவிரல் புடைப்போ அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்கள் காலுக்குச் சிறியது. கால் பழகப் பழக இளகும் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். இந்த ஒரு சோதனை, மற்ற எல்லாவற்றையும் விட அதிகக் கொப்புளங்களைத் தவிர்க்கும்.

இரண்டாவது, குதிக்காலைச் சுற்றி நிற்கும் பின்சுவரைப் பெருவிரலால் அழுத்துங்கள். அது உறுதியாக நிற்க வேண்டும். கடதாசி மட்டையாக மடங்கினால் கொஞ்ச நாளில் ஒரு பக்கம் சரிந்துவிடும். மூன்றாவது, நுனியையும் பின்பக்கத்தையும் பிடித்து மடியுங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மடிந்தால் சரி. நடுவில் மடிந்தால் பாதத்தின் வளைவுக்குத் தாங்கலே இல்லை. நான்காவது, ஈரச் சாறனைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் எதிர்க்க வேண்டும், முழுதாகச் சுழலக் கூடாது.

பிறகு இரண்டு காலிலும் போட்டு, லேஸை மேலே வரை கட்டி, எழுந்து நில்லுங்கள். நீண்ட விரலுக்கும் நுனிக்கும் இடையில் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். உள்ளே விரல்களைத் தூக்கி அசைக்க முடிய வேண்டும். மேலே விரல் மூட்டுகளில் துணி உரசக் கூடாது. கடைக்குள் பத்து நிமிடமாவது நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள்: ஏறும்போது குதிக்கால் எழுந்து வழுகினால் தளர்வு, இறங்கும்போது விரல் நுனியில் முட்டினால் குட்டை. பத்து நிமிடத்தில் ஓரிடத்தில் உறுத்தினால், பத்துக் கி.மீ. நடக்கும்போது அதே இடம்தான் உரியும்.

மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள், ரசீதோடு பெட்டியும் வேண்டுமா என்பதைக் காசு கொடுக்குமுன் கேளுங்கள். கீழடி அழுக்காகாமல் இருந்தால்தான் பெரும்பாலும் மாற்றுவார்கள். ஆகவே முதல் சில நாட்கள் வீட்டுத் தரையில் மட்டும்.

நடைபாதையில் பெரிய பெயர்களோடு மலிவாகக் கிடைக்கும் போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மேல்துணி பார்க்க நன்றாகவே இருக்கும். குறை உள்ளே. நடு அடியின் நுரை ஒன்றில் கல்லாக இருக்கும், அல்லது ஒரு கிழமையில் அமுங்கி எழாது. உள்ளட்டை வளைவில்லாத வெறும் துண்டு. பசை வெளியே வழிந்து காய்ந்திருக்கும். சந்தைக்குப் போட்டு நடக்க அது போதும். வெளிநாட்டுத் தெருவில் நாள் முழுக்க நடக்க, பாட்டா, டீஎஸ்ஐ போன்ற கடைகளில் கிடைக்கும் நடுத்தர விலை உண்மைச் சப்பாத்து அதைவிட மேல்.

பாகங்கள்: எது எதற்கு

*மேல்பாகம்.* வலைத்துணி காற்றை விடும், சீக்கிரம் காயும், கால் வீங்கும்போது சற்று இளகிக் கொடுக்கும். வெப்ப நாட்டுக்கு அதுவே சிறந்தது. தோல் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பழக நாளெடுக்கும், நனைந்தால் காய இரண்டு நாள். கோர்டெக்ஸ் போன்ற நீர்புகா மென்படலம் உள்ளவை ஐரோப்பிய மழைக்கும் ஈரப் பனிக்கும் நல்லவை. ஆனால் துபாய், சிங்கப்பூர், சென்னைக்கு அதை வாங்காதீர்கள்: வியர்வை வேகமாக வெளியேறாமல் உள்ளேயே ஊறும். மழைத்தண்ணீர் மேல்வாயால் உள்ளே போய்விட்டாலும் அது காய நெடுநேரமாகும்.

*நடு அடி.* சப்பாத்தின் மெத்தை இது. பெரும்பாலும் ஈவிஏ என்ற நுரை. இலேசானது, நாளடைவில் அமுங்கிப்போகும். பொலியூரித்தேன் கனமானது, கூட உழைப்பது, ஆனால் நம் காலநிலைக்கு அதில் ஓர் ஆபத்து உண்டு, கீழே பார்க்க. மிக மென்மையான மெத்தை கடையில் மனத்தைக் கவரும். நான்கு மணி நேரம் நின்றால் கால் அதில் தள்ளாடும், கணுக்காலும் கெண்டைக்காலும் களைக்கும். பெருவிரலால் அழுத்தினால் சற்று அமுங்கி உடனே எழுவதே அளவு.

*குதிக்கால் உயரம்.* சாதாரண ஓட்டச் சப்பாத்தில் குதிக்கால் பக்கம் முன்பக்கத்தை விட 8 முதல் 12 மி.மீ. உயர்ந்திருக்கும். தட்டைச் செருப்பில் பழகிய காலுக்கு இது முதல் இரண்டு நாள் விரல்பக்கம் தள்ளுவதாகத் தோன்றும், பிறகு சரியாகும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிக்கால் குத்துகிறவர்களுக்கு முற்றிலும் தட்டையான சப்பாத்து உதவாது.

*கீழடி.* இறப்பர் வேண்டும். விலை குறைப்பதற்காக நுரையையே தரையில் பட விடும் மாதிரிகள் உண்டு. அவை நனைந்த டைல்ஸிலும் மெருகேற்றிய கல்லிலும் வழுக்கும், சீக்கிரம் தேயும். கோடுகள் 2 முதல் 4 மி.மீ. ஆழம் போதும். காட்டு நடைக்கான ஆழமான பற்கள் நகரத்தில் வீண். சிறு கற்களைப் பிடித்துவைத்து, வீட்டுக்குள் கொண்டுவரும்.

ஒன்றின் எடை 250 முதல் 350 கிராம் வரை இருந்தால் நாள் முழுக்கத் தூக்கி நடக்கலாம்.

எங்கே போகிறீர்கள்

*இலண்டன், பாரிஸ், ரோம்.* வயதான நகரங்களில் கல் பதித்த தெருக்கள் நிறைய. ரோமின் சிறு கருங்கற்களில் மெல்லிய அடியோடு நடந்தால் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் தெரியும். இரவில் விரல்மூட்டுக்குக் கீழே எரியும். தடித்த அடியும் கணுக்கால் புரளாத அகலமான தளமும் வேண்டும். அருங்காட்சியகங்களில் நடப்பதை விட நிற்பதுதான் கூடுதல் களைப்பு.

*சுவிட்சர்லாந்து.* உறவினர் மலைக்குக் கூட்டிப்போகாமல் விடமாட்டார்கள். யுங்ஃப்ராவ்யோக் நிலையம் 3,454 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆகஸ்டிலும் அங்கே பனி. வலைத்துணிச் சப்பாத்து பத்து நிமிடத்தில் நனையும். அந்த ஒரு நாளுக்காகக் கனத்த பூட்ஸ் வாங்க வேண்டாம். அவர்கள் வீட்டில் உங்கள் அளவில் ஒன்று இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

*கனடா, குளிர்காலம்.* பனிக்கால பூட்ஸை இங்கே தேடி அலைய வேண்டாம். உறையும் குளிரில் சாதாரண இறப்பர் விறைத்து வழுக்கும். அந்தக் குளிருக்கென்று செய்த அடி அங்கேதான் கிடைக்கும். போய்ச் சேரும் நாளுக்கு மூடிய சப்பாத்தும் கம்பளி மேசுவும் போதும், மற்றதை அங்கே வாங்குங்கள். வாங்கும்போது தடித்த மேசுவுக்கு இடம் விடுங்கள். இறுகின பூட்ஸில் இரத்த ஓட்டம் குறைந்து கால் கூடக் குளிரும்.

*மக்கா, மதீனா.* இஹ்ராமில், அதாவது ஹஜ், உம்றாவுக்கான புனித நிலையில், ஆண்கள் கணுக்காலை மூடும் சப்பாத்து அணிவதில்லை, செருப்புத்தான். எந்த மாதிரிச் செருப்பு என்பதை உங்கள் மௌலவியிடம் கேட்டுத் தெளியுங்கள். அதன்பின் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தச் செருப்பும் பழக்கப்பட்டதாக இருக்க வேண்டும். சப்பாத்துக்கு ஒரு மாதம் ஒதுக்குகிறவர்கள்கூட இஹ்ராம் செருப்பைப் புறப்படும் கிழமையில் வாங்கி, விரலிடுக்கு வெட்டுப்பட்டுத் தவிப்பதுண்டு. ஸஃபா, மர்வா இடையே ஏழு முறை என்பது ஏறத்தாழ 3 கி.மீ. நடை, அதுவும் கல்தரையில். கஃபாவைச் சுற்றி வரும் தவாபும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஹஜ் நாட்களில் மினா, அரபா, முஸ்தலிபா இடையே நெரிசலில் நடக்கவும் நேரும். செருப்பைப் போட்டுத் தோளில் மாட்ட ஒரு துணிப்பை கொண்டுபோங்கள்; வாசலில் விட்டால் திரும்பி அதே வாசலால் வருவது நிச்சயமில்லை. இஹ்ராம் இல்லாத நாட்களுக்குச் சப்பாத்து அணியலாம். பெண்களுக்கு மேசும் சப்பாத்தும் இஹ்ராமிலும் தடையில்லை.

*தமிழ்நாட்டுக் கோயில்கள்.* மதுரை, இராமேஸ்வரம், வேளாங்கண்ணி என்று சுற்றுகிறவர்கள் ஒரு நாளில் எட்டுப் பத்து முறை கழற்றிப் போட வேண்டும். லேஸ் சப்பாத்து தொல்லை. குதிக்காலைச் சுற்றிப் பட்டி உள்ள சாண்டல்ஸே நல்லது. திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கி.மீ.; பலர் வெறுங்காலோடு போகிறார்கள். அப்படி நேர்ந்துகொண்டவர்கள் வெயிலுக்கு முன் முடிக்கப் பாருங்கள்.

கதிர்காமப் பாதயாத்திரை போய் வந்தவர்கள், "எங்களுக்கு நடை புதிதல்ல" என்று இதையெல்லாம் அசட்டையாக விடுவதுண்டு. உகந்தையிலிருந்து குமண வழியாகப் போகும் காட்டுப்பாதை மண். அங்கே வெறுங்கால் ஒவ்வோர் அடியிலும் வேறுவேறாக மிதிக்கிறது. கொங்கிறீட்டில் மூடிய சப்பாத்தோடு நடக்கும்போது ஒரே இடம் ஒரே விதமாக ஆயிரக்கணக்கான முறை உரசும். காலின் பலம் உதவும்; தோல் வேறு கதை.

மேசு

சப்பாத்துக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியாவது மேசுவுக்குக் கொடுங்கள். பள்ளிக்கூட வெள்ளைப் பருத்தி மேசு வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரத் தோல் மென்மையாகி உரசலில் பிரியும். பொலியெஸ்டர் அல்லது நைலோன் கலந்த விளையாட்டு மேசு, குளிர் நாட்டுக்கு மெரினோ கம்பளி மேசு, இரண்டும் ஈரத்தைக் காலிலிருந்து விலக்கும். மேசுவைத் திருப்பி விரல் பக்கத் தையலைத் தடவிப் பாருங்கள். தடித்த முடிச்சு இருந்தால் சின்னவிரலில் அது வெட்டும். குதிக்கால் மடிப்பு சரியான இடத்தில் இருக்க வேண்டும், பெரிய மேசு சப்பாத்துக்குள் சுருண்டு மடிப்பு விழும்.

நான்கு சோடி போதும். இரவில் கழுவிக் காயப்போடலாம். பகலில் ஒரு சோடி பையில் இருக்கட்டும், மதியம் மாற்றினால் பின்னேர நடை வேறு மாதிரி இருக்கும்.

பழக்கி எடுத்தல்

முதல் மூன்று நாள் வீட்டுக்குள், ஒவ்வொரு மாலையும் ஒரு மணி நேரம். உறுத்தினால் இதுவே மாற்றும் நேரம். அடுத்த நான்கு நாள் வெளியே, அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. இரண்டாம் கிழமையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 4 முதல் 5 கி.மீ. மூன்றாம் கிழமையில் பயணத்தில் தூக்கப்போகும் பையையும் தோளில் போட்டு 7, 8 கி.மீ. கடைசியாக, அடுத்தடுத்த இரண்டு நாள் 10 கி.மீ. இந்த இரண்டாம் நாள்தான் உண்மையான சோதனை. முதல் நாள் தாங்கிய தோல் அடுத்த நாளும் தாங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

நேரம் காலை 5.30 அல்லது வெயில் தாழ்ந்த பின். இடம் கடினமான தளமாக இருக்க வேண்டும்: மட்டக்களப்பில் கல்லடிப் பாலமும் அதையொட்டிய வீதிகளும், வாவிக்கரை நடைபாதை, கோட்டையைச் சுற்றிய தெருக்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பிரதான வீதியின் ஓரம். கடற்கரை மணலில் பழக்காதீர்கள். மணல் காலுக்கு மெத்தை, சப்பாத்தின் குறையை மறைக்கும். வலைத்துணிக்குள் புகுந்து பிறகு உப்புத்தாள்போலத் தோலைத் தேய்க்கும். ஊரில் படிகள் குறைவு. ஒரு மாடிக் கட்டடத்தில் பத்து முறையாவது ஏறி இறங்குங்கள்.

லேஸ்

அநேகர் ஒரே முறையில் கட்டி, சப்பாத்தைக் குறை சொல்வார்கள். குதிக்கால் எழுந்தால்: மேலே பின்னுக்குத் தள்ளி இருக்கும் கடைசித் துளையைப் பயன்படுத்துங்கள். லேஸை அதே பக்கக் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டுச் சிறு வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிக்கால் பின்சுவரோடு ஒட்டி நிற்கும். பாதத்தின் மேல்பக்கம் உயர்ந்து வலித்தால்: வலிக்கும் இடத்தில் குறுக்கே போடாமல், அந்த ஒரு துளைக்கு மட்டும் லேஸை நேராக மேலே ஏற்றிவிடுங்கள். இறக்கத்தில் இறங்குமுன் மேல்பக்கத்தை இறுக்குங்கள், மாலையில் கால் வீங்கும்போது முன்பக்கத்தைத் தளர்த்துங்கள்.

வலி எங்கே, காரணம் என்ன

குதிக்காலின் பின்புறம் கொப்புளம் என்றால் தளர்வு. சின்னவிரலின் வெளிப்பக்கம் என்றால் அகலம் போதாது. பெருவிரல் நகம் கறுத்தால் நீளம் போதாது, அல்லது லேஸ் தளர்ந்து கால் முன்னே போகிறது. விரல்மூட்டுக்குக் கீழே எரிந்தால் அடி மெல்லியது. விரல் மரத்தால் மேல்லேஸ் இறுக்கம்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முன்னதாக அந்த இடம் சூடாக எரியும். அப்போதே நின்று, கழற்றி, காயவைத்து, பாமசியில் கிடைக்கும் துணிப் பிளாஸ்டரை மடிப்பில்லாமல் ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டினால் சுருளாது. கொப்புளம் வந்துவிட்டால் மேல்தோலை உரிக்காதீர்கள். சிறியதை அப்படியே மூடிவிடுங்கள். பெரிதாகி நடக்க முடியாமல் இருந்தால் மருத்துவத் தாதியிடம் காட்டுவது நல்லது. நகத்தைப் பயணத்துக்கு மூன்று நான்கு நாள் முன்னர் நேராக வெட்டுங்கள். புறப்படும் நாளில் ஒட்ட வெட்டினால் ஓரம் குத்தும். குதிக்கால் வெடிப்பு உள்ளவர்கள் ஒரு மாதம் முன்பிருந்தே இரவில் களிம்பு பூசி, வெடிப்பை மூடவிட வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு

மேலே சொன்ன "உறுத்தினால் மாற்றுங்கள்" என்பது உணர்வு உள்ள காலுக்குத்தான் பொருந்தும். நீரிழிவு நீண்ட காலம் இருந்தால் பாதத்தின் உணர்வு மங்கும். புண் வந்ததே தெரியாது. பயணத்துக்கு முன் கிளினிக்கில் பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள், அதன்படி சப்பாத்தைத் தேர்ந்தெடுங்கள். புதிய சப்பாத்தை முதல் கிழமையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள், கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள்; அடிப்பக்கம் தெரியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். அரை மணி கழிந்தும் மாறாத சிவப்பு ஆபத்தின் அறிகுறி. ஒவ்வொரு முறையும் போடுமுன் கையை உள்ளே விட்டுக் கல், மடிப்பு, ஆணி இருக்கிறதா என்று தடவுங்கள். வெள்ளை மேசு அணிந்தால் இரத்தக் கறை உடனே தெரியும். கொப்புளத்தை நீங்களே குத்த வேண்டாம். வெறுங்காலோடு கோயில் வீதியிலோ சூடான கல்தரையிலோ நடப்பதை முற்றிலும் விடுங்கள். தடித்த மேசுவாவது இருக்கட்டும்.

அலுமாரியில் இருக்கும் நல்ல சப்பாத்து

வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய சப்பாத்து, "நல்ல பயணம் வந்தால் போடலாம்" என்று பெட்டிக்குள் ஐந்தாறு வருடமாக இருக்கும். புதியதைப் போலவே தெரியும். விமான நிலையத்தில் அதன் அடி கழன்று விழும், அல்லது நடு அடி தூளாகும். பொலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து சிறிது சிறிதாகச் சிதைகிறது. சூடும் ஈரமும் கூடிய கரையோர வீடுகளில் இது வேகமாக நடக்கும். போடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தாலும் நிற்பதில்லை. சோதனை எளிது: நடு அடியை நகத்தால் அழுத்துங்கள். நகத்தடம் மாறாமல் நின்றாலோ, ஒட்டுத்தன்மை இருந்தாலோ, மடிக்கும்போது வெடிப்பு தெரிந்தாலோ அது பயணத்துக்கு உதவாது. ஒட்டிக் கொடுப்பதாலும் பயனில்லை. பசை பிடிக்க உறுதியான பொருளே மிஞ்சவில்லை.

போட்டுப் பழகிய பழைய சப்பாத்தையும் மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சரிந்திருந்தால், நடு அடியில் ஆழமான சுருக்கங்கள் இருந்தால், மெத்தை முடிந்துவிட்டது. 500 முதல் 800 கி.மீ. வரைதான் பொதுவாக இந்த நுரை உழைக்கும்.

புதிய சப்பாத்தின் விளிம்பைச் சுற்றித் தைத்து வாங்கும் பழக்கம் இங்கே உண்டு. உயர்ந்த இறப்பர் விளிம்பு உள்ள சப்பாத்துக்கு அது பலம். நுரை அடி உள்ள ஓட்டச் சப்பாத்துக்குத் தைக்க வேண்டாம், ஊசித்துளை வழியே நுரை கிழியும், தண்ணீர் ஏறும். நனைந்தால் உள்ளட்டையைக் கழற்றி, செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணிக்கொருமுறை மாற்றி, நிழலில் காற்றில் வையுங்கள். நடு வெயிலிலும் கார்க் கண்ணாடிக்குக் கீழும் பசை இளகும்.

புறப்படும் நாள்

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் கீழடியை முதல் நாளே பிரஷ் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். சப்பாத்தில் மண் இருந்தால் அங்கே அறிவிக்க வேண்டும். வயல் சேறு கோடுகளுக்குள் காய்ந்திருந்தால் அதிகாரிகள் பிடித்துவைத்துச் சுத்தம் செய்யச் சொல்வார்கள், மறைத்தால் தண்டப்பணம்.

கனமான சோடியைக் காலில் போடுங்கள், இலேசான சாண்டல்ஸ் பெட்டிக்குள் போகட்டும். பெட்டியின் எடை குறையும், பெட்டி தொலைந்தாலும் நடக்கக் கால் தயார். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏழெட்டு மணி நேரம் இருந்தே போகிறோம், விமானம் ஏறுமுன்னரே கால் வீங்கத் தொடங்கிவிடும். பஸ் ஏறியதும் லேஸைத் தளர்த்துங்கள். விமானத்தில் சப்பாத்தை முழுதாகக் கழற்றி, தடித்த மேசுவோடு இருங்கள், மணிக்கொருமுறை பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். இரத்தக்கட்டி வந்தவர்களும் கர்ப்பிணிகளும் இறுக்க மேசு பற்றி வைத்தியரிடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். இறங்குவதற்கு அரை மணி முன், கால் வீக்கத்தோடேயே லேஸைக் கீழ்த்துளையிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து கட்டுங்கள். அன்று இரவு அறையில் ஒரு முறையும் அடுத்த நாள் காலையில் ஒரு முறையும் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.